ஊரார் பிள்ளையை வளர்க்கவும் ஒரு பயிற்சி வேண்டும்

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது எம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. கலியாண வீட்டிலும் சொல்வோம். தமிழ்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழா மேடையிலும் சொல்வோம். ஆனால் பிரித்தானியாவில் ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பதற்கென்றே சட்டபூர்வமான ஓர் ஏற்பாடு இருக்கின்றது. அதற்கான பயிற்சியை உள்ளூர்க் கவுன்சில்கள் ஒரு பென்ஸ்தானும் வாங்காமல் வழங்குகின்றன. இச்செய்தி எம்மவர் வீடுகளில் பேசப்படுவதை நான் கேட்டது மிக அரிது. கோயில் திருவிழா அறிவித்தல், காணி விற்பனை விளம்பரம், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் என எத்தனையோ துண்டுப்பிரசுரங்கள் எம்மிடையே கைமாறுகின்றன. வளர்ப்புப் பெற்றோருக்கான பயிற்சி வகுப்பு பற்றிய துண்டுப்பிரசுரம் மட்டும் நூலக வாசலில் கிடந்து பழுப்பேறுகின்றது.

இதை ஒரு சிறு குறையென்று ஒதுக்கிவிட முடியாது. ஏதோவோர் இரவில், ஏதோவொரு காரணத்தினால், ஒரு தமிழ்ப் பிள்ளை பெற்றோரை விட்டுப் பிரிய நேரிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். நோய், மரணம், சிறை, குடி, அடிதடி, தாயின் மனநோய் என்று காரணங்கள் பல. அந்தப் பிள்ளை அன்றிரவு படுக்கப்போகும் வீட்டில் அதன் மொழி பேசும் ஒருவராவது இருப்பாரா? பயிற்சியும் அனுமதியும் பெற்ற ஒரு தமிழ்க் குடும்பம் அந்தப் பகுதியின் பதிவேட்டில் இருந்தால்தான் இருப்பார். இல்லையெனில் நல்ல மனம் படைத்த வேறொரு வீட்டில் பிள்ளை உறங்கும், பாதுகாப்பாகவே உறங்கும், ஆனால் "தண்ணி வேணும்" என்று கேட்டால் புரிந்துகொள்ள அங்கு எவரும் இருக்கமாட்டார்.

இருவகைப் பெற்றோர்

சட்டங்கள் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சற்று வேறுபடுவதனால் இங்கு இங்கிலாந்தின் நடைமுறையையே எடுத்துக்கொள்கிறேன்.

பெற்றோருடன் வாழ முடியாத பிள்ளைகளைச் சில நாட்களுக்கோ, சில ஆண்டுகளுக்கோ, வளர்ந்து ஆளாகும் வரைக்குமோ தம் வீட்டில் வைத்துப் பராமரிப்போரை இங்கு 'பொஸ்ரர்' பராமரிப்பாளர் என்பர். தமிழில் வளர்ப்புப் பெற்றோர் எனலாம். நீதிமன்ற ஆணையின் மூலம் ஒரு பிள்ளையைத் தம் சொந்தப் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்வோர் தத்துப் பெற்றோர். முன்னைய ஏற்பாட்டில் அப்பிள்ளை தன்னைப் பெற்றவரின் பிள்ளையாகவே இருக்கும். நிலைமை சீரானால் வீடு திரும்பும். பின்னையதில் பெற்றோருடனான சட்டத் தொடர்பு அற்று, புதிய பெற்றோருடன் நிரந்தரமான தொடர்பு உண்டாகும். எம்மவர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கின்றனர். "வளர்த்துப்போட்டு எப்படித் திருப்பிக் கொடுப்பது?" என்ற கேள்வி இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றது. திருப்பிக் கொடுப்பதே வளர்ப்புப் பெற்றோர் பணியின் சிறப்பு என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லித் தருகின்றார்கள்.

இங்கிலாந்தில் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கவுன்சில்களின் பராமரிப்பில் இருக்கின்றனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வளர்ப்புப் பெற்றோரின் வீடுகளில் வாழ்கின்றனர். தன்னந்தனியாகப் புகலிடம் தேடி வந்த பிள்ளைகள் 2024இல் 7,000க்கும் மேற்பட்டோராக இருந்தனர். இன்று அப்படி வருவோரில் எம் நாட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா, ஈரான், வியட்நாம் போன்ற நாடுகளின் பிள்ளைகளே அதிகம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எம் வீட்டுப் பொடியன்கள் முகவர்களின் கையில் ஒப்படைக்கப்பட்டு நாடு நாடாகக் கடந்து வந்ததை மறவாத எமக்கு, இந்தப் பிள்ளைகளின் நிலையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியில் என்ன இருக்கின்றது?

வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிப்போருக்கு அனுமதி வழங்கும் முன்னரே ஆயத்தப் பயிற்சி நடைபெறும். பெரும்பாலான இடங்களில் இது மூன்று நாள் வகுப்பு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சமூகப் பணியாளர் ஒருவரும் அனுபவம் வாய்ந்த வளர்ப்புத் தாய் அல்லது தந்தை ஒருவரும் சேர்ந்து நடத்துவார்கள். பரீட்சை இல்லை, புள்ளிகள் இல்லை. நடந்த சம்பவங்களை ஒத்த கதைகளைக் கொடுத்து, "நீங்களாயின் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். அனுமதி பெற்ற பின்னும் முதலாண்டுக்குள் பூர்த்தி செய்ய வேண்டிய பயிற்சிகள் உண்டு. தத்தெடுக்க விரும்புவோருக்கும் இதே போன்ற ஆயத்த வகுப்புகள் உள்ளன. அங்கே மதிப்பீட்டின் முதற்கட்டத்திற்கு ஏறத்தாழ இரண்டு மாதமும், இரண்டாம் கட்டத்திற்கு நான்கு மாதமும் எடுத்துக்கொள்கின்றனர்.

வகுப்பில் சொல்லித் தருவன யாவை? பசியில் வளர்ந்த பிள்ளை தலையணைக்குக் கீழே பாணை ஒளித்து வைத்தால் அதைத் திருட்டு என்று கொள்ளக்கூடாது என்பது ஒன்று. அடியும் அலறலும் கேட்டு வளர்ந்த பிள்ளை, கதவு சாத்தப்படும் ஓசைக்கே நடுங்கும் என்பது ஒன்று. பிள்ளை சொல்வதை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும் என்பது ஒன்று. ஏனெனில் அக்குறிப்பே நாளை நீதிமன்றத்தில் பிள்ளைக்காகப் பேசும். பிள்ளை தன் பெற்றோரைச் சந்திக்கும் நாளில் ஏன் முரண்டு பிடிக்கின்றது, அடுத்த நாள் ஏன் சாப்பிட மறுக்கின்றது என்பதை விளங்கிக்கொள்வது ஒன்று. பிள்ளையின் வாழ்க்கைக் கதையை, அது பிறந்த இடம், பெற்றோர், வாழ்ந்த வீடுகள், கிடைத்த புகைப்படங்கள் ஆகியவற்றோடு, ஒரு புத்தகமாகத் தொகுத்துக் கொடுப்பது இன்னொன்று.

எமக்கென்றே சொல்லப்பட்டன போன்ற சில விடயங்களும் அங்குண்டு. வளர்ப்புப் பிள்ளைக்குக் காது குத்த வேண்டுமா? மொட்டை அடிக்க வேண்டுமா? விடுமுறைக்கு ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா? இவற்றுள் எதையும் நாமாகத் தீர்மானிக்க முடியாது. எந்தத் தீர்மானம் பெற்றோருடையது, எது கவுன்சிலினுடையது, எது வளர்ப்புப் பெற்றோருடையது என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் வகுக்கப்படும். அன்பின் மிகுதியால் நாம் செய்யும் ஒரு சடங்கு, பெற்ற தாயின் கண்ணில் தன் பிள்ளை பறிக்கப்பட்டதன் அடையாளமாகத் தோன்றக்கூடும். இந்நுட்பத்தை எவரும் பிறவியிலேயே அறிந்திருப்பதில்லை; சொல்லித் தந்தால்தான் தெரியும்.

"எங்களுக்கா பிள்ளை வளர்க்கப் பாடம்?"

இப்பேச்சை எடுத்தவுடன் எம்மவரிடமிருந்து வரும் முதல் மறுப்பு இதுதான். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, ஒருவரை வைத்தியராகவும் ஒருவரைப் பொறியியலாளராகவும் ஆக்கிய தாய்க்கு, பிள்ளைப்பேறே காணாத இருபத்தைந்து வயது யுவதி வந்து பாடம் எடுப்பதா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளை வளர்ப்பில் எமக்கென ஓர் அறிவு உண்டு என்பதை நானும் மறுக்கவில்லை. ஊட்டுதல், தாலாட்டுதல், மூத்தோர் மடியில் வளர்த்தல் ஆகியவற்றில் எவருக்கும் நாம் குறைந்தவர்களல்லர்.

ஆனால் சொந்தப் பிள்ளையை வளர்ப்பதும், உள்ளம் உடைந்து வந்த பிறர் பிள்ளையை வளர்ப்பதும் ஒன்றல்ல. சொந்தப் பிள்ளை, பிறந்த நாள் முதல் எம்மை நம்பி வளர்ந்தது. வந்த பிள்ளையோ, நம்பியவர்களிடமே அடிபட்டு, நம்பிக்கையை இழந்து வந்திருக்கலாம். முன்னதைக் கண்டிப்பால் திருத்தலாம் என்று எண்ணுவோர் உண்டு. பின்னதைக் கண்டிப்பு மேலும் உடைக்கும். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் போர்க்காலத்தில் ஆசிரியப் பணி செய்தவன் என்ற முறையில் இதைத் துணிந்து சொல்கிறேன்: இடம்பெயர்ந்து வந்து வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடத்தைக் காட்டிலும் அமைதியே முதலில் தேவைப்பட்டது. அந்த அமைதியைக் கொடுக்கும் வழியை எந்த ஆசிரிய கலாசாலையும் அன்று எமக்குக் கற்பிக்கவில்லை. இன்று இந்த நாடு அதை இலவசமாகக் கற்பிக்கின்றது.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியோடு வளர்ந்தவர்கள் நாம். வளர்ப்புப் பிள்ளை மீது எந்த வகையிலும் கைவைக்கக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளிலேயே உள்ளது. அடிக்காமல் ஒரு பிள்ளையை நெறிப்படுத்துவது எப்படி என்பதைப் பயிற்சி வகுப்பு படிப்படியாகச் சொல்லித் தருகின்றது. அதைக் கற்றுக்கொள்பவரின் சொந்தப் பிள்ளைகளும் பயனடைவர். பழமொழி சொல்லும் 'தானே வளர்தல்' இந்த வகையிலும் நடக்கும்.

முறைப்பெயரும் சட்டமும்

வளர்ப்புப் பெற்றோராகப் பதிவு செய்யும் எண்ணமே இல்லாத குடும்பங்களுக்கும் இந்த விடயத்தில் ஓர் அவசியம் உண்டு. எம்மவரிடையே உறவினர் பிள்ளையை வைத்து வளர்ப்பது புதிதல்ல. பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருக்கும் குடும்பம் ஆங்கிலக் கல்விக்காகப் பிள்ளையை இலண்டனுக்கு அனுப்பும். ஊரில் தாய் இறந்தால் பிள்ளை இங்குள்ள உறவினரிடம் வந்துசேரும். கணவன் மனைவி பிணக்கில் பிள்ளையைச் சில மாதம் வேறு வீட்டில் விடுவார்கள். "சித்தி வீட்டில்தானே நிற்கிறான், இதில் கவுன்சிலுக்கு என்ன வேலை?" என்று கேட்போம்.

இங்குதான் எமது முறைப்பெயர்களும் இந்நாட்டுச் சட்டமும் மோதுகின்றன. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை, வலது குறைந்த பிள்ளையாயின் பதினெட்டுக்கு உட்பட்டவரை, நெருங்கிய உறவினரல்லாத ஒருவர் 28 நாட்களோ அதற்கு மேலோ வைத்துப் பராமரித்தால் அது 'தனியார் வளர்ப்பு' எனப்படும். அதைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டியது கட்டாயம், அறிவிக்காதிருப்பது குற்றம். சட்டத்தின் பார்வையில் நெருங்கிய உறவினர் என்போர் பாட்டன், பாட்டி, சகோதரர், சகோதரி, பெற்றோரின் உடன்பிறந்தோரும் அவர்தம் துணைவரும், மாற்றாந்தாய் தந்தையர் ஆகியோர் மட்டுமே. தாயின் ஒன்றுவிட்ட சகோதரி எமக்குச் சித்திதான். சட்டத்துக்கு அவர் அந்நியர். பெரியப்பாவின் மகன் எமக்கு அண்ணன். சட்டத்துக்கு அவர் அண்ணனல்லர். பாட்டியின் தங்கையை நாம் ஆச்சி என்று அழைத்துக் காலில் விழுகிறோம். சட்டம் அவரையும் அப்பட்டியலில் சேர்க்கவில்லை.

இது ஏதோ வெள்ளையரின் உறவறியாத தன்மையால் வந்த விதி என்று எண்ணிவிடலாகாது. மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ற் நாட்டிலிருந்து, நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையில், உறவில் பாட்டி முறையான பெண்ணுடன் அனுப்பி வைக்கப்பட்ட விக்ரோரியா குளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டனில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தாள். லோட் லாமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003இல் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் தனியார் வளர்ப்பு பற்றிய விதிகளை இறுக்கியது. அச்சிறுமியின் பெற்றோரும் எம்மைப் போலவே உறவை நம்பித்தான் அனுப்பினார்கள்.

அறிவித்தால் என்ன நடக்கும்? ஏற்பாடு முன்கூட்டியே தெரிந்தால் ஆறு வாரத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். திடீரென நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும். அதன் பின்னர் ஏழு வேலைநாட்களுக்குள் சமூகப் பணியாளர் வந்து பிள்ளையுடன் தனியே பேசுவார். படுக்கும் அறையைப் பார்ப்பார். முதலாண்டில் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது வருவார். பிள்ளை நலமாயிருந்தால் அஞ்ச எதுவுமில்லை. பாடசாலை, வைத்தியர், கொடுப்பனவு ஆகிய விடயங்களில் வழிகாட்டலும் கிடைக்கும். மறைத்து வைத்து, பின்னர் பாடசாலை ஆசிரியர் மூலம் தெரியவருவதே வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

கவுன்சில் ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கும்போது, ஏற்ற உறவினரோ தெரிந்தவரோ இருப்பின் அவர்களையே முதலில் கருதவேண்டும் என்பதும் சட்டம். "யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா?" என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு எம்மில் எவருக்கும் வரலாம். அவ்வாறு ஏற்போருக்கு 16 வாரத்துக்குத் தற்காலிக அனுமதி வழங்கி, அதற்குள் முழு மதிப்பீட்டையும் செய்வார்கள். பேரப்பிள்ளைகளையும் உறவுப் பிள்ளைகளையும் வளர்ப்போருக்கென 'கின்ஷிப்' என்னும் தொண்டு நிறுவனம் இங்கிலாந்தில் இலவசப் பட்டறைகளை நடத்தி வந்துள்ளது; 2024 முதல் அரசின் நிதியுதவியுடன் அப்பணி விரிவுபெற்றது. அழைப்பு வந்த பின்னர் ஓடித் திரிவதிலும் பார்க்க, இவற்றை முன்னரே அறிந்து வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

மொழி என்னும் உரிமை

1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், பராமரிப்பிலுள்ள பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்கும்போது அதன் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்கின்றது. தத்தெடுப்பில் இருந்த இதையொத்த விதியை இங்கிலாந்தில் 2014இல் நீக்கிவிட்டார்கள். பொருத்தமான இனத்துப் பெற்றோரைத் தேடிப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அக்காரணத்தை முற்றாகப் புறந்தள்ள முடியாது. வீடே இல்லாமல் காத்திருப்பதிலும் பார்க்க அன்பான ஏதோவொரு வீடு மேல். ஆனால் அதே காரணம் எம்மைப் பார்த்தும் ஒரு விரலை நீட்டுகின்றது. தமிழ்க் குடும்பங்கள் முன்வந்து வரிசையில் நின்றால் தமிழ்ப் பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் "கருத்திற் கொள்" என்று சொல்லலாம். இல்லாத வீட்டைச் சட்டத்தால் உருவாக்க முடியாது.

சின்னப் பிள்ளை ஒரு மொழியை எவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்கின்றதோ, அவ்வளவு விரைவாக விட்டும்விடும். நான்கு வயதில் பிரிந்த பிள்ளை, ஆறு வயதில் தாயைச் சந்திக்கும் அறையில், தாய் பேசுவது விளங்காமல் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்க்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய் திருந்தியிருக்கலாம், நோய் மாறியிருக்கலாம், பிள்ளையைத் திரும்பப் பெறும் நாளும் நெருங்கியிருக்கலாம். இருவருக்கும் பொதுவான மொழி மட்டும் அற்றுப்போயிருக்கும்.

இந்த நாட்டுக்கு இது புதிய அனுபவமுமல்ல. நாசிகளின் கொடுமைக்குத் தப்ப 1938 இறுதி தொடக்கம் யுத்தம் மூளும் வரை, பெரும்பாலும் யூதரான ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் பெற்றோரின்றிப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். முன்பின் அறியாத குடும்பங்கள் பல அவர்களை ஏற்று உயிர் காத்தன. அது மாபெரும் தர்மம். எனினும், அப்பிள்ளைகளுட் பலர் தாய்மொழியையும் சமயத்தையும் இழந்தே வளர்ந்தனர். உயிர் காப்பது முதற்கடன்; அதோடு மொழியையும் காக்க வாய்ப்பிருக்கும்போது அதைக் கைவிடலாமா?

மறைத்தலும் சொல்லுதலும்

தத்தெடுப்பைப் பற்றி எம்மவர் வாய் திறப்பதேயில்லை. பிள்ளைப்பேறற்ற தம்பதியர் ஆண்டுக்கணக்கில் வைத்தியத்துக்கும் நேர்த்திக்கும் செலவிடுவர். தத்தெடுப்பைப் பற்றிய பேச்சு வந்தால், "யார் பெற்ற பிள்ளையோ, என்ன குலமோ" என்று மூத்தோர் ஒருவர் வாயை அடைத்துவிடுவார். சாதியைக் கடல் கடந்து காவி வந்திருக்கின்றோம் என்பதற்கு இதனிலும் வெட்கக்கேடான சான்று வேறில்லை. பசித்த பிள்ளையிடம் குலம் விசாரிக்கும் நாக்கு, மேடையில் பழமொழி சொல்லத் தகுதியற்றது.

எமது மரபில் வளர்ப்புக்கு இடமில்லையா? 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலேயே தத்தெடுப்புக்கென ஒரு பகுதி உண்டு. உறவினரின் சம்மதத்தோடு, மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் முறையை அது சொல்கின்றது. பலரறியச் செய்யப்பட்ட காரியம் அது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் 'கந்தபுராண கலாசாரம்' என்று எம் வாழ்வுக்குப் பெயரிட்டார். அக்கந்தபுராணத்தின் நாயகனைச் சரவணப் பொய்கையில் பாலூட்டி வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்களின் பெயராலேயே அவன் கார்த்திகேயன் ஆனான். வளர்த்தவர் பெயரையும் பெற்றவர் பெயரையும் ஒருங்கே தாங்கும் தெய்வத்தை வணங்குவோர், வளர்ப்புப் பிள்ளை என்ற சொல்லுக்குக் கூசலாமா?

பயிற்சி வகுப்புகள் திரும்பத் திரும்ப வற்புறுத்தும் விடயம், பிள்ளையிடம் உண்மையை மறைக்காதீர்கள் என்பதே. இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட ஒருவர் பதினெட்டு வயதை அடைந்ததும் தன் மூலப் பிறப்புப் பதிவைப் பெறும் உரிமை 1976 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே பிள்ளை என்றோ ஒருநாள் அறியத்தான் போகின்றது. பெற்றோரின் வாயால் சிறு வயதிலிருந்தே மெல்ல மெல்ல அறிவதா, கலியாணப் பேச்சு வரும்போது யாரோ ஓர் உறவினரின் வாயால் அறிவதா என்பதை நாமே தெரிவு செய்ய வேண்டும்.

மறைப்பினால் விளையும் கேட்டுக்கு எம் நாடே சாட்சி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். பொய்ப் பத்திரங்களும், தாயென்று நடித்த பெண்களும், பணத்துக்காகக் குழந்தைகளைச் சேர்த்து வைத்த இடங்களும் இருந்தமை பின்னர் வெளிவந்தது. 2017இல் இலங்கையின் சுகாதார அமைச்சரே இதனை ஒப்புக்கொண்டார். 2020இல் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே இடைநிறுத்தியது. வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அந்தக் குழந்தைகளுட் பலர் இன்றும் தம் தாயைத் தேடுகின்றனர். ஊரிலிருந்து உறவுப் பிள்ளையை "எப்படியாவது" கொண்டுவந்து தம் பிள்ளையாக எழுதிவிடலாம் என்று எண்ணும் எம்மவர் இதை மனத்திற் கொள்ள வேண்டும். முறையான மதிப்பீடும் அனுமதியுமின்றித் தத்தெடுப்புக்காகப் பிள்ளையை இந்நாட்டுக்குள் கொண்டுவருவது 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

அச்சத்தின் வேர்

இன்னுமொரு தடை உண்டு, அதுதான் ஆழமானது. "சோஷலை வீட்டுக்குள் விட்டால் எங்கள் பிள்ளையையும் கொண்டுபோய்விடுவார்கள்." பொலிசுக்கும் இராணுவத்துக்கும் அஞ்சி ஓடி வந்த மக்கள், கோப்போடு வாசலில் நிற்கும் எந்த அதிகாரியையும் அஞ்சுவது இயல்பே. மொழி பெயர்க்க ஆளில்லாமையாலும், எம் வழக்கங்களை விளங்கிக்கொள்ளாமையாலும் தவறான தீர்மானங்கள் நிகழ்வதுண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வச்சத்தை அறியாமை வளர்க்கும், அறிவே குறைக்கும். பயிற்சி வகுப்பில் மூன்று நாள் இருந்தவர், சமூகப் பணியாளர் எதைப் பார்க்கின்றார், எதை எழுதுகின்றார், நீதிமன்றம் எதைக் கேட்கின்றது என்பதை உள்ளிருந்து அறிந்தவராகிவிடுவார். நாளை அயல்வீட்டுக் குடும்பம் ஒன்று இக்கட்டில் சிக்கினால், வழிகாட்டக்கூடியவர் அவராகவே இருப்பார்.

தகுதி பற்றிய தவறான எண்ணங்களையும் களைய வேண்டும். சொந்த வீடு கட்டாயமில்லை; வாடகை வீடாயினும் நிலையான இருப்பிடமாயின் போதும். திருமணமாகியிருக்க வேண்டுமென்பதில்லை, தனித்து வாழ்வோரும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்வோரும் விண்ணப்பிக்கலாம். இலக்கண சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை. பாடசாலையோடும் வைத்தியரோடும் பேசி, நாளாந்தக் குறிப்பை எழுதக்கூடிய அளவு போதும். நிலையான வதிவிட உரிமை இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களின் எதிர்பார்ப்பு. வீட்டிலுள்ள வளர்ந்தோர் அனைவரின் பொலிஸ் பதிவுகளும் பரிசீலிக்கப்படும். பிள்ளைக்கெனத் தனியறை வேண்டும். இங்கேதான் எம்மவர் பலர் தயங்குவர்: ஓர் அறை சாமிக்கு, ஓர் அறை ஊரிலிருந்து எப்போதோ வரப்போகும் விருந்தினருக்கு. சாமி கோபிக்கமாட்டார், விருந்தினர் வரவேற்பறையில் படுத்துக்கொள்வர்.

பணத்துக்காக இதைச் செய்கின்றார்கள் என்ற ஏளனமும் எம்மிடையே உண்டு. பிள்ளையின் செலவுக்கென அரசு ஆண்டுதோறும் குறைந்தபட்சக் கொடுப்பனவை நிர்ணயிக்கின்றது. வருமான வரியிலும் சலுகை உண்டு. ஆசிரியர் சம்பளம் வாங்குவதனால் கற்பித்தல் இழிவாகிவிடுகின்றதா? பணத்தை மட்டும் எண்ணி வருபவரை மதிப்பீட்டு மாதங்களே பெரும்பாலும் வடித்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

வேண்டுவன பெரிய காரியங்களல்ல. முதலாவதாக, தமிழ்ப் பாடசாலைகள் முன்வர வேண்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு நடையில் தேநீரோடு காத்திருக்கும் பெற்றோர், ஆயத்தமாய் அமைந்த சபை. ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற்ஹாம், இல்ஃபோட், ரூட்டிங், குறொய்டன் என்று எம்மவர் செறிந்து வாழும் இடங்களில், தவணைக்கு ஒருமுறை கவுன்சிலின் வளர்ப்புப் பராமரிப்புப் பிரிவினரை அழைத்து ஒரு மணிநேரம் பேசச் செய்தால் போதும். கேட்டால் வருவார்கள்; ஆட்களைத் தேடி அலைபவர்கள் அவர்களே.

இரண்டாவதாக, கவுன்சில்களிடமும் நாம் கேட்க வேண்டியன உள்ளன. அறிமுகக் கூட்டத்துக்காவது தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கடைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் முறைவேலை செய்வோருக்கு ஏற்ற நேரங்களில் வகுப்புகள் வேண்டும். துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் அச்சிட்டால் மட்டும் போதாது. தமிழ் பேசும் வளர்ப்புத் தாய் ஒருவரை மேடையில் ஏற்றுங்கள் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, கோயில்களும் தேவாலயங்களும். அன்னதானத்துக்கு முன்வருவோர் பட்டியல் நீளமாகவே இருக்கின்றது. ஒரு வேளைச் சோற்றைக் கொடுப்பது தர்மமெனில், ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துச் சோற்றையும் படுக்கையையும் மொழியையும் கொடுப்பதும் தர்மமே. அறிவித்தல் பலகையில் அதற்கு ஒரு மூலையாவது கிடைக்கட்டும்.

நான்காவதாக, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்று வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என் வயதொத்தோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் நேரம் உண்டு, அறை உண்டு, பொறுமையும் ஓரளவு வந்திருக்கும். வகுப்பில் போய் இருந்து பாருங்கள். இருந்தவர் எவரும் பிள்ளையை ஏற்றே ஆகவேண்டுமென்ற கட்டாயமில்லை. எமக்கு இது ஆகாது என்று அறிந்து திரும்பினாலும் அது பயனுள்ள அறிவே. நீண்டகாலம் இயலாதோர், வார இறுதியில் மட்டும் பிள்ளையை ஏற்று மற்றொரு வளர்ப்புக் குடும்பத்துக்கு ஓய்வு கொடுக்கும் பணியையும் செய்யலாம்.

நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது எம்மை ஏற்று, படுக்க இடமும் பசிக்கு உணவும் தந்தவர்கள் எம் இனத்தவர் மட்டுமல்லர். அக்கடனைத் தீர்க்க வழி தேடுவோர்க்கு இது ஒரு வழி. ஆங்கிலம் தெரியாத எரித்திரியச் சிறுவனாயினும், தாயைப் பிரிந்த தமிழ்ச் சிறுமியாயினும், இரவில் கதவு தட்டும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க மனம் ஒன்றே போதுமென்று பலர் நினைக்கின்றனர். மனம் வேண்டும்; அதோடு மூன்று நாள் வகுப்பும் வேண்டும். முதலாவது எம்மிடம் உண்டென்று நம்புகிறேன். இரண்டாவதைக் கவுன்சில் இலவசமாகத் தருகின்றது. போய் வாங்கிக்கொள்வோம்.